ஹீராவின் இடது கோரைப்பல்

ஜூலை 3

ஹீராவின் முகம் வீங்கியிருக்கிறது. மூக்குக்கு இடப்பக்கம், கண்ணுக்குக் கீழே, நெல்லிக்காய் அளவு. காலையில் கறிச்சோற்றைத் தட்டில் போட்டு 'ஈட்' என்றேன். இரண்டு வாய் எடுத்தாள், கீழே போட்டாள், என்னைப் பார்த்தாள். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் மேல்வரிசையில் இடது கோரைப்பல் பாதிதான் இருக்கிறது. உடைந்த இடம் கறுத்துக் கிடக்கிறது. கென்னல் கம்பிக் கதவைக் கடித்திருப்பாள். நாள் முழுக்க அடைத்துப் போட்டால் எந்த நாயும் கதவைக் கடிக்கத்தான் செய்யும்.

தீனிப் பதிவேட்டில் 'முழுதும் உண்டது' என்று எழுதிவிட்டேன். எங்கள் மோப்ப நாய்ப் பிரிவில் எல்லோரும் அப்படித்தான் எழுதுவோம். குறைத்து எழுதினால் கேள்வி வரும், கேள்விக்குப் பதில் எழுத வேண்டும், பதிலிலிருந்து இன்னொரு கேள்வி வரும். பதினாறு வருஷம் போலீஸில் குப்பை கொட்டிய எனக்கு, தலைமைக் காவலர் பலவேசத்துக்கு, இதுகூடவா தெரியாது? அந்தப் பதிவேடு சர்க்காருக்கு. இந்த நோட்டு எனக்கு.

மிக்கேல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஹீராவுக்கு நான் முதல் ஹேண்ட்லர், அவன் இரண்டாவது. நடத்திக் கூட்டிப்போவது, கூண்டு கழுவுவது, குளிப்பாட்டுவது அவன் வேலை. "டாக்டர்ட்ட காட்டிருவோம் அண்ணாச்சி, நாளக் கடத்துனா வம்பு" என்றான். பல் எப்போது உடைந்தது என்றுகூடக் கேட்கவில்லை.

ஜூலை 4

கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே பல் வைத்தியம் படித்து வந்த டாக்டர் ராபியா என்று ஒரு அம்மா. சின்ன உருவம், பெரிய குரல். எக்ஸ்ரே எடுத்துத் திரையில் காட்டினார். பல்லின் வேர் நுனியைச் சுற்றிக் கறுப்பாக ஒரு நிழல், பட்டாணி அளவு. அந்த இடத்தில் எலும்பே இல்லையாம், சீழ் அரித்துவிட்டதாம்.

"பல்லப் புடுங்கிறலாம். ஒரே நாள் வேல. இல்லன்னா வேர் வைத்தியம். மாசக்கணக்குல இழுக்கும்" என்றார்.

பிடுங்குவதாவது! ஜனவரியில் தகுதி வாரியம் உட்காரும். கோரைப்பல் இல்லாத நாயை வாரியம் அன்றைக்கே ஓய்வில் அனுப்பிவிடும். நாய் போனால் ஹேண்ட்லரும் போக வேண்டியதுதான், ஏதாவது ஸ்டேஷனில் பாரா நிற்க. ஹீராவை எட்டு வாரக் குட்டியாக வாங்கி வந்தவன் நான். அஞ்சு வருஷம். என் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டதைவிட அவள் கூண்டுக்கு முன்னால் குத்தவைத்துச் சாப்பிட்டதுதான் அதிகம். வேர் வைத்தியமே செய்யுங்கள் என்றேன்.

"எப்படி உடஞ்சுது?"

"கம்பியக் கடிச்சிருக்கும் மேடம்."

அந்த அம்மா பல்லை இன்னொரு தரம் டார்ச் அடித்துப் பார்த்தார். "கம்பி கடிக்கிற நாய்க்குப் பல்லோட பின்பக்கம்லா தேஞ்சிருக்கும். இவளுக்குத் தேய்மானமே இல்ல. முன்னாலருந்து எதுவோ பட்டு உடஞ்ச மாதிரி இருக்கு."

டாக்டருக்கு வைத்தியம் பார்ப்பது வேலை. விசாரணை போலீஸ் வேலை. சொல்லவில்லை, நினைத்துக்கொண்டேன்.

ஜூலை 7

மயக்க ஊசி ஏறும்வரை அவள் தலை என் மடியில்தான் இருந்தது. டாக்டர் பல்லுக்குள் ஊசி ஊசியாக விட்டு அழுகிய நரம்பைச் சுரண்டி எடுத்தார். வந்த நாற்றத்தில் மிக்கேல் ஜன்னல் பக்கம் போய் நின்றான். எத்தனையோ பிணங்களைப் பார்த்த எனக்கே குமட்டியது.

"இவ்வளவு சீழ வாயில வச்சுக்கிட்டு இவ டூட்டி பாத்திருக்கா பாருங்க" என்றார் டாக்டர். கழுவிக் கழுவி, காகிதத் திரி விட்டு ஈரத்தை ஒற்றி எடுத்து, கடைசியில் வெள்ளையாக ஒரு குழம்பை உள்ளே செலுத்தினார். கால்சியம் ஹைட்ராக்சைடாம். "சுண்ணாம்புதான் சார், ஆனா வெத்தலைக்குப் போடுறது இல்ல." மேலே தற்காலிகமாக ஓர் அடைப்பு.

இன்றைக்கே நிரந்தரமாக அடைத்து அனுப்பினால் என்ன என்று கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். "நாய்ப் பல்லோட வேர் நுனி தொடப்பம் மாதிரி கிளை கிளையாப் பிரிஞ்சிருக்கும் சார். என் ஊசி அங்க போகாது. மருந்து உள்ள இருந்து இருந்துதான் அங்கன இருக்கிற கிருமியக் கொல்லணும். நாலு வாரம் இருக்கட்டும். அதுவரைக்கும் கடிக்கிற வேலையே வேண்டாம். எலும்பு, கட்ட, பந்து ஒண்ணும் கூடாது. அடைப்பு விட்டுச்சுன்னா எச்சில் உள்ள போயிரும், இன்னைக்குச் செஞ்சது அம்புட்டும் வீண்."

சரி என்று தலையாட்டினேன்.

ஜூலை 8

குழைந்த சோறு, மசித்த முட்டை, என் கையிலிருந்து ஊட்டல். எங்கள் பிரிவில் நாய் ஒரே கையில்தான் சாப்பிட வேண்டும். முதல் ஹேண்ட்லர் கை. மற்றவர் பிரியாணியே நீட்டினாலும் முகத்தைத் திருப்ப வேண்டும். திருடன் விஷம் வைத்துவிடக் கூடாதே, அதற்குத்தான். குட்டியிலேயே பழக்குவோம். அந்நியன் ஒருவன் தின்பண்டம் நீட்டுவான், வாங்கினால் மூக்கில் இரண்டு விரலால் ஒரு தட்டு. ஹீரா நாலே நாளில் கற்றுக்கொண்டாள். என் கை அல்லாத கையில் அவள் ஒரு பருக்கை தொட்டதில்லை. இதனால்தான் நான் அஞ்சு வருஷத்தில் சேர்ந்தாற்போல இரண்டு நாள் லீவு போட்டதில்லை. மைத்துனன் கல்யாணத்துக்கே தாலி கட்டும் நேரத்துக்குப் போய்த் திரும்பிவிட்டேன். என் வீட்டுக்காரி சண்முகவடிவு அதை இன்றும் சொல்லிக்காட்டுகிறாள்.

வாயை மருந்துத் தண்ணீரால் தினம் கொப்பளிக்க வைக்க வேண்டும். தாடையைப் பிடித்து ஊசிக்குழலால் பீய்ச்ச வேண்டும். பிடித்தேன். உறுமினாள்.

என்னைப் பார்த்து உறுமினாள். வலிதான் காரணம்.

ஜூலை 11

வீக்கம் வடிந்துவிட்டது. கொப்பளிக்க வைக்கும்போது இன்றும் உறுமல். மிக்கேல் "நான் புடிக்கட்டா அண்ணாச்சி?" என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 19

சாயங்காலம் மிக்கேல் போன பிறகு அவளை மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். சும்மா பார்த்தேன். வாரக்கணக்கில் ஒரு வேலையும் செய்யாவிட்டால் பழக்கம் விட்டுப்போகும், வாரியத்துக்கு முன்னால் யார் போய் நிற்பது? இரண்டே தடவைதான். எடுத்துக்கொண்டு வந்தாள். நல்லாத்தான் இருக்கிறாள்.

ஜூலை 24

ஆடித் தபசுத் திருவிழாவுக்குப் பந்தோபஸ்து போட்டிருக்கிறார்கள். மூன்று நாள். ஹீரா இல்லாமல் நான் மட்டும். எங்கள் எஸ்.ஐ. தளவாயிடம் கெஞ்சிப் பார்த்தேன், அவள் வேறு கையில் சாப்பிடமாட்டாள் என்று. "மூணு நாள் பட்டினி கெடந்தா நாய் செத்துராது வே. கூட்டத்துல மிதிபட்டு மனுசன் செத்தா எனக்கு வேல போயிரும்" என்றார்.

மிக்கேலிடம் வெறும் பாலாவது கிண்ணத்தில் வைத்துப் பார் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

ஜூலை 28

திரும்பி வந்தேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்குப் போகாமல் நேரே கென்னலுக்குத்தான் போனேன். மூன்று நாளும் 'முழுதும் உண்டது' என்று பதிவேட்டில் மிக்கேல் கையெழுத்து. சிரிப்பு வந்தது. பயலும் தொழிலைக் கற்றுக்கொண்டுவிட்டான் என்று நினைத்தேன்.

பின்பக்கம் போய்ப் பார்த்தால், மிக்கேல் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறான். ஹீரா அவன் உள்ளங்கையிலிருந்து சோறு தின்றுகொண்டிருக்கிறாள். வால் ஆடுகிறது. தின்று முடித்து அவன் மணிக்கட்டை நக்குகிறாள். அவன் தாடையைத் தொட்டதும் தானாகவே வாயைத் திறக்கிறாள். அவன் ஊசிக்குழலை விட்டுப் பீய்ச்சுகிறான். உறுமல் இல்லை, ஒன்றும் இல்லை.

அஞ்சு வருஷம். மூன்று நாள்.

ஜூலை 29

ஹீராவோடு பேசவில்லை. நாயோடு என்ன பேசாமல் இருப்பது என்று வடிவு கேட்கிறாள். அவளுக்குப் புரியாது. துரோகம் செய்ய இரண்டு கால் வேண்டுமென்று எவன் சொன்னான்?

ஜூலை 30

மிக்கேலைக் கேட்டுவிட்டேன். "என்னல மந்திரம் போட்ட? என் கைய மறக்கடிச்சிட்டியே!"

"மந்திரம்லாம் இல்ல அண்ணாச்சி. மொத நாள் பட்டினியாத்தான் கெடந்தா. ரெண்டாம் நாள் நான் பக்கத்துல சும்மா படுத்துக் கெடந்தேன். அவளா வந்து மோந்தா. அவளாத்தான் தின்னா."

"எனக்குத் தெரியாதால உன் திட்டம்? மொத ஹேண்ட்லர் ஆவணும்னு மூணு வருசமாப் பாத்துக்கிட்டு இருக்க!"

அவன் குடத்தை எடுத்துக்கொண்டு கூண்டு கழுவப் போய்விட்டான். பதில் சொல்லாதவன்தான் ஆபத்தானவன். இத்தனை வருஷத்தில் எத்தனை பேரை விசாரித்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 4

நாலு வாரம் ஆனது. ஆஸ்பத்திரி. மயக்கம் கொடுத்து வாயைத் திறந்ததும் டாக்டர் ராபியா முகம் மாறிவிட்டது. அடைப்பு பாதி பெயர்ந்திருந்தது. உள்ளே வைத்த வெள்ளை மருந்து கரைந்து, எச்சில் இறங்கி, மறுபடியும் நாற்றம். அடைப்பின் ஓரத்திலிருந்து மெல்லிசாக எதையோ இடுக்கியால் எடுத்துக் காட்டினார். மரச் சிலாம்பு.

"யாரு சார் கட்டயக் கடிக்கக் குடுத்தது?"

அறையில் நான், மிக்கேல், அந்த அம்மா, ஒரு நர்ஸ். நாலு பேர். டம்பெல் எனப்படும் மரக்கட்டையை எடுத்துவரச் செய்வது எங்கள் பயிற்சியில் ஒன்று என்பது அந்த அம்மாவுக்கும் தெரியும்.

"நான் தபசு டூட்டிக்குப் போயிருந்தேன் மேடம். அப்பம் இவந்தான் பாத்துக்கிட்டான்" என்றேன்.

நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. நான் போயிருந்தேன். அவன்தான் பார்த்துக்கொண்டான்.

மிக்கேல் ஹீராவின் காதைத் தடவிக்கொண்டே நின்றான். டாக்டர் அவனைக் கண்டபடி திட்டினார். "ஒரு உசுருக்கு ஒரு மாச வலிய வீணாக்கிட்டீங்களே" என்றார். முதலிலிருந்து எல்லாம் மறுபடி. சுரண்டல், கழுவல், சுண்ணாம்பு. இன்னும் நாலு வாரம்.



ஆகஸ்ட் 6

டாக்டர் எழுதிய சீட்டு எஸ்.ஐ. மேசைக்குப் போயிருக்கிறது. மிக்கேலுக்கு மெமோ. விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். என்ன எழுதினான் என்று தெரியாது. என்னைப் போட்டுக்கொடுத்திருப்பான், நானாக இருந்தால் அதைத்தான் செய்வேன். எஸ்.ஐ. கூப்பிடுவார் என்று நாள் முழுக்கக் காத்திருந்தேன். கூப்பிடவில்லை.

ஆகஸ்ட் 15

கொடியேற்றம் முடிந்து மிட்டாயோடு வீட்டுக்கு வந்தேன். வடிவு துணி மடித்துக்கொண்டிருந்தாள். மிக்கேல் குடும்பத்தைக் கடைத்தெருவில் பார்த்தாளாம். அவன் பெண்டாட்டி முகம் கொடுத்துப் பேசவில்லையாம்.

"அந்தத் தம்பிக்கு மெமோ குடுத்திருக்காவளாமே. நீங்க ஒண்ணும் சொல்லலியா?"

"நான் என்னத்தச் சொல்ல?"

அவள் இரண்டு துணி மடித்தாள். பிறகு நிமிராமலே சொன்னாள். "மே மாசத்துல ஒரு நாள் வந்து நாய்க் கயித்தோட கொக்கியச் சோப்புப் போட்டுக் கழுவுனியளே. ரத்தம் என்னன்னு கேட்டதுக்குக் கறிக்கடையில பட்டதுன்னு சொன்னிய. அன்னைக்கு செவ்வாய்க்கெழம. நாம கறியே எடுக்கல."

போலீஸ்காரன் பெண்டாட்டிக்கு ஞாபகசக்தி ஆகாது. மிட்டாயை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். வீட்டிலும் எனக்கு ஆள் இல்லை.

செப்டம்பர் 1

பல்லுக்குள் விட்ட காகிதத் திரி காய்ந்தபடியே வெளியே வந்தது. நாற்றம் இல்லை. "இந்தத் தடவ மருந்து வேல செஞ்சிருக்கு" என்று டாக்டர் சிரித்தார். ரப்பர் மாதிரி ஒன்றை உள்ளே நிரப்பி நிரந்தரமாக அடைத்துவிட்டார். ஒரு வாரம் போனதும் கடினமானதையும் தின்னலாம். "வேர் நுனியில எலும்பு வளருதான்னு மூணு மாசம் கழிச்சுப் பாப்போம்."

மிக்கேலிடம் "நல்லாப் பாத்துக்கிட்டீங்க" என்றார். இந்த அம்மாவும் கட்சி மாறிவிட்டார்.

செப்டம்பர் 17

மே மாதம் நாங்கள் மோப்பம் பிடிக்கப் போன கொள்ளை வழக்கின் ஆள் பக்கத்து மாவட்டத்தில் மாட்டியிருக்கிறான். கொள்ளையடித்துவிட்டு, அன்றைக்கு ஹீரா போய் நின்ற அதே பஸ் நிறுத்தத்துக்கு நடந்தே வந்து பஸ் ஏறிப் போனதாக வாக்குமூலம் கொடுத்திருக்கிறான். எஸ்.ஐ. எல்லோர் முன்னாலும் படித்துக் காட்டினார். "அப்பமே ஹீரா சரியாத்தான் சொல்லிருக்கா வே" என்றார்.

எனக்குத் தலைவலி. சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அக்டோபர் 20

மழை. பயிற்சி இல்லை.

டிசம்பர் 9

எக்ஸ்ரே. பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பட்டாணி அளவு இருந்த கறுப்பு, கடுகு அளவுக்கு வந்துவிட்டது. சுற்றிலும் வெள்ளையாக எலும்பு ஊறி வந்திருக்கிறது. சீழ் அரித்த இடத்தில் எலும்பு தானாக வளரும் என்பதை என் கண்ணால் பார்த்தேன். எனக்குக் கண் கலங்கியது. மறைக்காமல் எழுதுகிறேன், கலங்கியது. வாரியத்தில் இனிப் பயமில்லை. ஹீரா என்னோடுதான் இருப்பாள்.

ஜனவரி 12

வாரியம். மூன்று அதிகாரிகள். பல் பரிசோதனையில் முதல் மார்க். வந்திருந்த மூத்த கால்நடை அதிகாரி எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, யார் செய்த வைத்தியம் என்று விசாரித்து எழுதிக்கொண்டார். மோப்பத்தில் மூன்று கைக்குட்டையில் சரியானதை எடுத்தாள். நான் பூரித்துப்போய் நின்றேன்.

கடைசியில் கீழ்ப்படிதல். இது குட்டிகூடச் செய்யும், அதனால் மாதக்கணக்கில் ஒத்திகையே பார்க்கவில்லை. 'சிட்' என்றேன், உட்கார்ந்தாள். 'ஸ்டே' என்று வலது கையைத் தலைக்கு மேலே உயர்த்தினேன்.

ஹீரா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். தலை தரையோடு ஒட்டியது. உடம்பு நடுங்கியது. இடத்தை விட்டு மட்டும் அசையவில்லை.

மூத்த அதிகாரி என்னைப் பார்த்தார், நாயைப் பார்த்தார். "இன்னொரு தடவ" என்றார். இன்னொரு தடவையும் அப்படியே. "இரண்டாவது ஹேண்ட்லர் யாருப்பா?" என்றார்.

மிக்கேல் வந்தான். கையை உயர்த்தினான். ஹீரா நிமிர்ந்து உட்கார்ந்து அவன் முகத்தையே பார்த்தாள். ஐந்து நிமிஷம். காதுகூட ஆடவில்லை.

மாலையில் உத்தரவு. ஹீரா பணியில் தொடரலாம். முதல் ஹேண்ட்லர் மிக்கேல். பலவேசம் சட்டம் ஒழுங்கு ஸ்டேஷனுக்கு.

பல் பிழைத்துவிட்டது. எல்லோருமாகச் சேர்ந்து என்னைப் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள்.

ஜனவரி 13

எஸ்.ஐ. முன்னால் போய் நின்றேன். மிக்கேல் திட்டம் போட்டுத்தான் என் நாயைக் கெடுத்தான், மெமோவிலேயே என்னைப் பற்றி வத்தி வைத்திருப்பான், அதைத்தான் வாரியத்துக்கு அனுப்பியிருப்பீர்கள் என்று கத்தினேன். அவர் கத்தவில்லை. கோப்பைத் திறந்து ஒரு தாளை என் பக்கம் தள்ளினார்.

'நாய்க்கு மரக்கட்டை கொடுத்தது என்னுடைய கவனக்குறைவு. இனி இவ்வாறு நேராது.' கீழே மிக்கேல் கையெழுத்து. ஆகஸ்ட் 6.

"அவன் கட்ட குடுக்கலன்னு எனக்குத் தெரியும் வே. தபசுக்கு முன்னால ஒரு சாயங்காலம் நீரு மைதானத்துல எறிஞ்சத நான் மாடியிலருந்து பாத்தேன். அவன்ட்ட கேட்டேன். 'அண்ணாச்சிட்டருந்து நாயப் பிரிச்சிட்டா அவரு தாங்கமாட்டாரு சார், இது இப்படியே இருக்கட்டும்'ன்னான்."

தாளை அவர் பக்கமே தள்ளி வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

ஜனவரி 14

பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறார்கள். எழுதிவிடுகிறேன், இது என் நோட்டுதானே.

மே 14. ஒரு வீட்டில் கொள்ளை. எஸ்.பி. நின்றார், டிவிக்காரர்கள் நின்றார்கள். ஹீரா வீட்டிலிருந்து மோப்பம் பிடித்து பஸ் நிறுத்தம் வரை ஓடி, அங்கே உட்கார்ந்துவிட்டாள். "நாயும் பஸ்ஸுக்கு நிக்குது" என்று கூட்டத்தில் ஒருவன் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். எஸ்.பி. சிரிக்கவில்லை, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் காரில் ஏறினார்.

கென்னலுக்கு வந்து, வண்டிக் கொட்டகைக்குப் பின்னால் அவளை உட்கார வைத்தேன். கையை உயர்த்தி 'ஸ்டே' என்றேன். உயர்த்திய கையில்தான் கயிறு இருந்தது. வீசினேன். கொக்கி வாயில் பட்டது.

அவள் விலகியிருந்தால் பட்டிருக்காது. நான் ஸ்டே என்று சொல்லியிருந்தேன். அதனால் விலகவில்லை. மறுபடியும் வீசினேன். மிக்கேல் ஓடிவந்து கயிற்றைப் பிடித்தான். அவன் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

அவள் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தாள். ஆறு மாதமாக இந்த நோட்டில் துரோகி துரோகி என்று யாரை எழுதிக்கொண்டிருந்தேன்?

ஜனவரி 18

இன்று கை மாற்று ஆரம்பம். ஹேண்ட்லர் மாறினால் எங்கள் பிரிவில் ஒரு வழக்கம். நாய் புது ஹேண்ட்லர் கையில் சாப்பிட்டால் மட்டும் போதாது, பழையவன் கையை மறுக்க வேண்டும். பழையவன்தான் அந்நியனாக வந்து நீட்டுவான். வாங்கினால் மூக்கில் இரண்டு விரல் தட்டு. அதிகபட்சம் ஏழு நாள்.

முதல் நாள். எஸ்.ஐ. பார்த்துக்கொண்டிருந்தார். கறித்துண்டை உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். ஹீரா பக்கத்தில் வந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். மூடியபடியே வாங்கித் தின்றாள்.

அடி விழும் என்று நினைத்துக்கொண்டே வாங்கித் தின்றாள். இன்னும் நான் அவளுக்கு அந்நியனில்லை.

"தட்டும் வே" என்றார் எஸ்.ஐ. என்னால் முடியவில்லை.

ஜனவரி 19

இன்றும் வாங்கினாள். இன்றும் தட்டவில்லை.

ஜனவரி 20

மிக்கேல் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். அவனிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவனே பேசினான்.

"அண்ணாச்சி, நீங்க தட்டலன்னா எஸ்.ஐ. என்னயத் தட்டச் சொல்லுவாரு. அப்புறம் என் கையும் அவளுக்கு அடிக்கிற கை ஆயிரும். அவளுக்கு ஒரு கையாவது மிச்சம் இருக்கட்டும்."

நீட்டினேன். கண்ணை மூடி வாங்கினாள். இரண்டு விரலால் மூக்கில் தட்டினேன். பூ விழுந்த மாதிரிதான் தட்டினேன். அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாகப் பின்வாங்கி மிக்கேல் காலுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

"மன்னிச்சிரு மிக்கேல்" என்றேன். சத்தமாகச் சொன்னதாகத்தான் நினைக்கிறேன். ஹீராவிடம் அதை எந்த வார்த்தையில் சொல்வது என்று தெரியவில்லை. அவளுக்கு நான் கற்றுக்கொடுத்ததெல்லாம் கட்டளைகள்தான்.

ஜனவரி 22

நேற்றும் இன்றும் வாங்கினாள், தட்டினேன். வடிவு சோறு போட்டாள். சாப்பிடவில்லை. தட்டை மூடி வைத்துவிட்டாள்.

ஜனவரி 24

ஏழாவது நாள். கறித்துண்டை நீட்டினேன். ஹீரா வந்தாள், கையை மோந்தாள், என் முகத்தை நன்றாகப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்னும் பக்கத்தில் கொண்டுபோனேன். எழுந்து நகர்ந்து உட்கார்ந்தாள். மிக்கேல் நீட்டியதும் போய் வாங்கித் தின்றாள், அந்த இடது பக்கத்தாலேயே கடித்து.

"பாஸ்" என்று எஸ்.ஐ. எழுதிக்கொண்டார். நான் சல்யூட் அடித்துவிட்டு வந்தேன். கறித்துண்டு வாசல்வரை என் கையிலேயே இருந்தது.

நாளை காலை ஸ்டேஷனில் சேர வேண்டும். ஒன்றை மட்டும் எழுதிவிட்டுப் படுக்கிறேன். நான் கை நீட்டி அவள் கண்ணை மூடாமல் இருந்தது, இந்த வாரத்தில் இன்றைக்குத்தான்.